வாசற்படியோடு ஒரு யாத்திரை

ஊருக்குப் புறப்படும்போது நாம் என்ன செய்கிறோம்? பால்காரரிடம் சொல்லிவிட்டு, ஜன்னல்களைச் சாத்தி, கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்தும் பார்க்கிறோம். அமெரிக்காவில் பல குடும்பங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. வீட்டில் பாதியைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டே கிளம்பிவிடுகின்றன!

இந்த இழுவை வீட்டுக்கு டிரெய்லர் என்று பெயர். உள்ளே எட்டிப் பாருங்கள். கட்டில், காஸ் அடுப்பு, ரிப்ரிஜிரேட்டர், மடக்கு மேஜை, மூலையில் ஒரு சின்ன ஸ்நான அறை. நம் பாட்டிமார் கட்டுச்சோற்று மூட்டையுடன் ஏறிய கூண்டு வண்டியின் பணக்காரப் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தொற்று நோய்க்கும் இந்த வண்டிக்கும் பழைய உறவு உண்டு. 1969 ஜூலையில் சந்திரனில் இறங்கித் திரும்பிய விண்வெளி வீரர்களை, அங்கிருந்து ஏதாவது கிருமி ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்ற பயத்தில், ஒரு டிரெய்லருக்குள்தான் அடைத்து வைத்தார்கள். ஜனாதிபதி நிக்ஸன்கூட ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் அவர்களோடு பேச முடிந்தது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2020-ல், கொரோனா வந்தது. விமானமும் ஹோட்டலும் பயம் தருபவையாகிவிட்டன. சொந்தப் படுக்கை, சொந்தச் சமையல், சொந்தக் கழிப்பறை உள்ள வண்டிக்குக் கிராக்கி ஏறியது. இழுவை வீடுகளும் மோட்டார் வீடுகளுமாக 2020-ல் சுமார் 4,30,000 வண்டிகளும், 2021-ல் 6,00,000-க்கு மேலும் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. இவற்றில் பெரும்பாலானவை இந்தியானா மாகாணத்தில் எல்க்ஹார்ட் என்ற ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் செய்யப்பட்டவை.

சரி, வாருங்கள். நாமும் ஒரு வருஷத் திட்டம் போட்டுப் பார்ப்போம். 2021 ஜனவரி, ஓஹையோ மாகாணத்தில் ஒரு வீடு, வெளியே பனி. மேஜையில் வரைபடத்தையும் காலண்டரையும் விரித்தாகிவிட்டது. குளிருக்குப் பயந்தவர்கள் முதலில் விரல் வைக்கும் இடம் அரிஸோனா பாலைவனம். அங்கே குவார்ட்ஸைட் என்ற சிற்றூர் அருகே, சர்க்கார் நிலத்தில், செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அப்போது 180 டாலரில் தங்க முடிந்தது. ஏழு மாத வாடகை! ஆனால் நம் இடத்துக்கு மின்சாரமும் வராது, குழாயும் வராது.

'ஜனவரி - அரிஸோனா' என்று எழுதியாயிற்றா? அழித்துவிடுங்கள். அந்த ஜனவரியில் அரிஸோனாவின் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. மேலும், தடுப்பூசி முதலில் கிடைத்தவர்களில் முதியவர்களும் இருந்தார்கள். தாத்தாவும் பாட்டியும் முதல் ஊசி போட்டுக்கொண்டால், அடுத்ததற்கு மூன்று அல்லது நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஊரைவிட்டு ஓடலாமா? புறப்பாடு மார்ச்சுக்குத் தள்ளிப் போகிறது.

ஏப்ரலில் யூட்டா மாகாணத்து மோவாப். செந்நிறப் பாறை வளைவுகளைப் பார்க்க உலகமே வரும் ஊர். பிரயாணிகளால் பிழைக்கும் அந்த ஊர், 2020 மார்ச்சில் அவர்களையே "வராதீர்கள்" என்று தடுத்தது. காரணம், அங்கிருந்த ஆஸ்பத்திரியில் 17 படுக்கைகள்தாம்! ஆயிரக்கணக்கான விருந்தாளிகளில் சிலர் படுத்தாலும் ஊர்க்காரர்களுக்கு இடமிராது. பக்கத்து நவஹோ பழங்குடி மக்களின் பூமியிலோ, குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகள் பல. அங்குள்ள புகழ்பெற்ற மான்யுமெண்ட் பள்ளத்தாக்கு 2021 ஜூலையில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே ஏப்ரல் கட்டத்தில் அதன் பெயரை எழுதுவதற்கில்லை.

கோடைக்கு எல்லோஸ்டோன். வெந்நீர் ஊற்றுகள் ஆகாயத்தை நோக்கிப் பீறிடும் அந்தப் பூங்காவை 2020 மார்ச் 24-ல் மூடி, மே 18-லிருந்து சிறிது சிறிதாகத் திறந்தார்கள். 2021-ல் வந்தவர்களோ 48 லட்சத்துக்கு மேல்! சர்க்கார் முகாம்கள் பலவற்றில் ஆறு மாதம் முன்னதாகவே இடம் பதிவு செய்ய வேண்டும். ஜூலைக்கு ஜனவரியில் விழித்துக்கொள்ளாவிட்டால் இடமில்லை. அப்படியே வடக்கே கனடாவுக்குப் போகலாம் என்றால், 2020 மார்ச்சில் அடைத்த எல்லையைத் தடுப்பூசி போட்ட அமெரிக்கர்களுக்குத் திறந்தது 2021 ஆகஸ்ட் 9-ல்தான். இலையெல்லாம் பொன்னாகும் அக்டோபரில், ஸ்மோக்கி மலை வழியாக வீடு திரும்பலாம்.

இடங்கள் ஆயின, இனி வண்டி. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவிகிதம் கொக்கியின் மேல் விழ வேண்டும். குறைந்தால் சாலையில் வால் ஆடும். உள்ளே மூன்று தொட்டிகள்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. பின்னவை இரண்டையும் அதற்கென்று உள்ள இடத்தில்தான் காலி செய்யவேண்டும். பழகியவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மாலை 3 மணிக்குள் போய்ச் சேர், சேர்ந்த இடத்தில் 3 இரவு தங்கு.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்பீர்கள். பாறைக்கும் வெந்நீர் ஊற்றுக்கும் மட்டும் அல்ல. நோய்க்குப் பயந்து பிள்ளைகள் வீட்டுக்குள் காலடி வைக்க முடியாமல் இருந்த பெரியவர்கள் எத்தனையோ பேர். டிரெய்லர் இருந்தால் மகள் வீட்டு வாசலில் அதை நிறுத்தி, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, பேரக் குழந்தையை மரத்தடியில் நாற்காலி போட்டுப் பார்க்கலாம். அணைக்க முடியாவிட்டாலும், புதிதாக முளைத்த பல்லைக் கண்ணால் காணலாமே!

எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகலாம். ஆஸ்பத்திரியை மட்டும் இழுத்துக்கொண்டு போக முடியாது. அது போகிற ஊர்க்காரர்களுடையது. நல்ல திட்டம் போட்டவர்கள் பெட்ரோலையும் மைலையும் கணக்கிட்டதோடு, அந்த ஊரில் எத்தனை படுக்கை இருக்கிறது என்றும் விசாரித்தார்கள். இடமில்லை என்று தெரிந்தால் ஒரு மாதம் தள்ளிப் போட்டார்கள்.

நீங்களும் என்றைக்காவது இப்படிக் காலண்டரை விரித்து உட்கார்ந்தால், பேனாவை மூடி வையுங்கள். பென்சில் போதும். பக்கத்திலேயே ஒரு ரப்பரும் இருக்கட்டும்.