கால் மாறி நிற்றல்

தமிழ்ப் புலவர்கள் இடையைப் பாடியதுபோல் வேறோர் உறுப்பைப் பாடினார்களா என்பது ஐயமே. இடை, நுசுப்பு, மருங்குல் என்று அதற்குப் பெயர்கள் பல. உண்டோ இல்லையோ என்று காண்பார் மயங்கும்படி மெலிந்திருப்பதே அதன் சிறப்பு. ஆயின் அதற்குச் சற்றுக் கீழே இருந்துகொண்டு, உடலின் பாரத்தையெல்லாம் இரு கால்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் மூட்டுக்கு அத்தகைய பெருமை வாய்க்கவில்லை. மக்கள் வழக்கிலும் அதற்கெனத் தனிச்சொல் நிலைபெறவில்லை. முதுகின் அடிப்பகுதியும் இடுப்பு. புடைவைக் கொசுவத்தைச் செருகும் இடமும் இடுப்பு. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பக்கமும் இடுப்பு. ஆகவே, "இடுப்பு வலிக்கிறது" என்று மருத்துவரிடம் செல்பவர் எதைச் சுட்டுகிறார் என்பது அவருக்கும் விளங்குவதில்லை; மருத்துவருக்கும் விளங்குவதில்லை.

சிங்கப்பூரில் 34 ஆண்டுகள் தொடக்கப்பள்ளி மாணவர்க்குத் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்க்கு இச்சொற்குறையால் ஏறத்தாழ ஓராண்டு வீணாயிற்று. அவருக்கு வலித்தது வலத்தொடையின் இடுக்கில். அதை வெளிப்படச் சொல்ல நாணம் தடுத்தது. அவ்வலி சில நாள்களில் தொடையின் முன்புறமாக இறங்கி முழங்காலில் வந்து நின்றது. முழங்கால் வலி என்றால் சொல்வதற்குக் கூச்சமில்லை. எனவே முழங்கால் வலி என்றே சொன்னார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார். முழங்காலுக்கு உறை அணிந்தார். முழங்காலைப் படம் பிடித்தும் பார்த்தார். படத்தில் முழங்கால் வயதுக்கு ஏற்ற நலத்துடன் இருந்தது. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதனால், மேலிருக்கும் மூட்டின் நோவு கீழிருக்கும் மூட்டில் ஒலிப்பதுண்டு. பின்னர் வேறொரு மருத்துவர் அவரைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, தொடையை மெல்ல உள்நோக்கித் திருப்பினார். ஆசிரியை அலறிவிட்டார். நோய் இருந்த இடம் அன்றுதான் தெரிந்தது.

அம்மூட்டின் அமைப்பு வியக்கத்தக்கது. தொடையெலும்பின் உச்சியில் பந்துபோன்ற ஒரு தலை. இடுப்பெலும்பில் அதனை ஏற்கும் ஆழமான கிண்ணம். இரண்டின்மேலும் வழவழப்பான குருத்தெலும்புப் போர்வை. இடையே சிறிதளவு நீர்மம். இளமையில் இவை ஓசையின்றி உருள்கின்றன. குருத்தெலும்புக்குள் குருதிக்குழாய்கள் இல்லாமையால், ஒருமுறை அது தேய்ந்துவிட்டால் பழைய நிலைக்கு வளர்வதில்லை. போர்வை கிழிந்த இடத்தில் எலும்பும் எலும்பும் உராய்கின்றன. ஆசிரியையின் படத்தில், இடப்பக்கம் பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே தெளிவான ஓர் இடைவெளி தெரிந்தது. வலப்பக்கம் அவ்விடைவெளி மேற்புறத்தில் மறைந்தே போயிருந்தது.

அறுவை மருத்துவம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆசிரியை மறுத்துவிட்டார். மகள் எத்துணை எடுத்துரைத்தும் பயனில்லை. மறுப்புக்குக் காரணம் அச்சம் மட்டுமன்று. அவருடைய அக்காள் மலேசியாவில் ரப்பர்த் தோட்டமொன்றில் வாழ்ந்தவர். விடியுமுன் எழுந்து மரம் சீவி, காண்டா வாளியில் பால் சுமந்து, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவர். ஐம்பது வயதிலேயே அவர் சாய்ந்து சாய்ந்து நடக்கலானார். தோட்டத்து டிரசர் கொடுத்த தைலத்துக்கு அப்பால் அவர் எந்த மருத்துவமும் கண்டதில்லை. இறுதி எட்டு ஆண்டுகள் லயத்து வாசற்படியைத் தாண்டாமலே கழிந்தன. "வயதானால் அப்படித்தான்" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அக்காளும் அதையே சொன்னார். அக்காள் ஈட்டிய கூலியில் படித்து ஆசிரியையானவர் தங்கை. அக்காள் முணுமுணுக்காமல் சுமந்த நோவைத் தாம் மட்டும் பணங்கொடுத்து இறக்கி வைப்பது முறையாகுமா என்ற எண்ணம் தங்கையின் உள்ளத்தின் ஒரு மூலையில் கிடந்தது. இத்தகைய எண்ணங்களுக்கு அறிவு விடை சொல்லிவிடும். உள்ளம் அவ்வளவு விரைவில் கேட்பதில்லை.

அறுவை வேண்டாமென்றால் இயன்முறை மருத்துவம் செய்து பாருங்கள் என்று அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் இளம்பெண். ஆசிரியையை "அம்மா" என்றே அழைத்தார். முதல் நாள் அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. "சுவரைத் தொட்டுக்கொண்டு வலக்காலில் மட்டும் நில்லுங்கள் அம்மா" என்றார். ஆசிரியை நின்றார். உடனே அவருடைய இடப்பக்க இடுப்பு கீழே சரிந்தது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் 1895இல் விளக்கிய அடையாளம் இது. ஒற்றைக்காலில் நிற்கும்போது மறுபக்கம் சரியாமல் பிடித்துக்கொள்வது பிட்டத்தின் பக்கவாட்டுத் தசையின் வேலை. மூட்டு நோவதனால் கால் உழைப்பைக் குறைக்கிறது. உழைப்புக் குறைவதனால் தசை மெலிகிறது. தசை மெலிவதனால் மூட்டு மேலும் நோகிறது. இச்சுழலின் நடுக்கண்ணியாகிய தசையைப் பிடித்து வலுப்படுத்துவதே பயிற்சியின் நோக்கம்.

நடத்தல் என்பது ஒற்றைக்காலில் மாறி மாறி நிற்பதேயன்றி வேறில்லை. அவ்வாறு நிற்கும்போது மூட்டின்மேல் விழும் அழுத்தம் உடலின் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. உடல் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கும் தசையின் விசையும் மூட்டின்மேலேயே விழுவதுதான் காரணம். 60 கிலோ எடையுள்ளவரின் மூட்டு ஒவ்வோர் அடியிலும் ஏறக்குறைய 150 கிலோவைத் தாங்குகிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தாலும் மூட்டுக்கு அதனினும் மிகுந்த ஆறுதல் கிடைப்பது இதனால்தான்.

திருவிளையாடற் புராணத்தில் மாறியாடின படலம் என்பது ஒன்று. அறுபத்து மூன்று கலைகளைக் கற்ற இராசசேகர பாண்டியன் எஞ்சியிருந்த ஆடற்கலையையும் கற்கப் புகுந்தான். கற்றபோது உடல் நொந்தது. ஆடுவது இவ்வளவு வருத்தம் தருமாயின், எந்நாளும் ஒரு காலையே ஊன்றி ஆடும் இறைவனுக்கு அக்கால் எத்துணை வருந்தும் என்று கலங்கினான். காலை மாற்றி ஆடுமாறு வேண்டினான். மதுரை வெள்ளியம்பலத்தில் கூத்தன் வலக்காலைத் தூக்கி இடக்காலை ஊன்றி நிற்பது அவ்வேண்டுதலால் என்பர். ஆசிரியை இக்கதையைப் பல்லாண்டு வகுப்பில் சொன்னவர். பக்தியின் பெருமைக்கும் அரசனின் அன்புக்கும் எடுத்துக்காட்டாகவே சொன்னார். அரசனுக்கு அவ்வருள் பிறந்தது தன் கால் நொந்த பிறகுதான் என்பதை இப்போது அவர் உணர்ந்திருக்கக்கூடும். இயன்முறைப் பெண்ணுக்கு அவர் இக்கதையைச் சொன்னபோது, "அந்த அரசனுக்கு உடற்கூறு தெரிந்திருக்கிறது அம்மா" என்றாராம் அப்பெண்.

பயிற்சிகள் எளியவை, எளியவையாதலின் சலிப்பூட்டுபவை. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பிட்டத்தை மேலே உயர்த்தல். ஒருக்களித்துப் படுத்து, பாதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு மேல்முழங்காலைச் சிப்பி திறப்பதுபோல் திறத்தல். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுதல், அமர்தல். பயிற்சியின்போது சிறிது வலிக்கலாம். அவ்வலி மறுநாளும் தொடர்ந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ஆசிரியை இவற்றை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் பதிந்தார். செய்யாத நாளுக்குத் தமக்குத்தாமே சிவப்பு மையால் சுழியமிட்டார்.

கைத்தடிதான் பெரும் போராட்டமாயிற்று. தேக்காச் சந்தையில் பழைய மாணவர் எவரேனும் கண்டுவிடுவர் என்று தடியைத் தொட மறுத்தார். தொட்டபோதும் வலக்கையில் பிடித்தார். நோவது வலக்கால் ஆதலால் தடியும் வலப்பக்கம் இருப்பதே இயல்பென்று எல்லோரும் நினைக்கின்றனர். அது தவறு. வலக்காலில் நிற்கும்போது உடல் இடப்பக்கம் சரிய முயல்கிறது. இடக்கைத் தடி அச்சரிவைத் தாங்கும்போது வலப்பக்கத் தசை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை. மூட்டின் பாரமும் குறைகிறது. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும் உயரமே தடியின் உயரம். படியேறும்போது நலமுள்ள கால் முன்னே. இறங்கும்போது நோயுற்ற காலும் தடியும் முன்னே. இதை மறவாதிருக்க ஆசிரியை "ஏற்றம் நலக்கால், இறக்கம் நோய்க்கால்" என்று ஒரு நூற்பா இயற்றிக்கொண்டார். இலக்கணம் கற்பித்த பழக்கம் எங்கே போகும்?

ஆறு மாதங்களில் நலம் தெரிந்தது. பேருந்து நிறுத்தம்வரை நில்லாமல் நடந்தார். மேலும் சில மாதங்கள் சென்றன. நடையில் வலிமை இருந்தது. ஆயின் இரவுகளில் உறக்கம் இல்லை. புரண்டு படுத்தால் விழிப்பு. காலுறை அணியக் குனிந்தால் கண்ணீர். அப்போது இயன்முறைப் பெண் சொன்ன சொல்லே இவ்வரலாற்றின் திருப்பம். "தசைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டீர்கள் அம்மா. தேய்ந்த குருத்தெலும்பைப் பயிற்சியால் வளர்க்க முடியாது. இவ்வளவும் வீணில்லை, இந்தத் தசையோடு அறுவைக்குப் போனால் விரைவில் எழுந்து நடப்பீர்கள்." தம் தொழிலின் எல்லையைத் தாமே சொல்லுகிறவரை நம்பலாம் என்பது ஆசிரியையின் கருத்து. அறுவை மருத்துவர் சொல்லியும் மகள் சொல்லியும் கேளாதவர் அன்று தலையசைத்தார்.

தலையசைத்த பின் படிக்கத் தொடங்கினார். நூலகத்திலிருந்து நூல்கள் வந்தன. 1891இல் பெர்லினில் குளுக் என்னும் மருத்துவர் யானைத் தந்தத்தால் தொடையெலும்புத் தலை செய்து பொருத்தியதும், பர்மாவின் மாண்டலேயில் டாக்டர் சான் பா 1960 முதல் தந்தத்தையே கொண்டு 300க்கும் மேற்பட்டோர்க்கு அவ்வாறு செய்ததும் அவருக்கு வியப்பளித்தன. எனினும் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லியின் வரலாறே அவரைப் பெரிதும் கவர்ந்தது. சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். ஏறத்தாழ 300 பேர்க்குப் பொருத்திய பின் அவை சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, தேய்ந்த துகள் சுற்றியுள்ள திசுவைக் கெடுப்பது தெரிந்தது. அப்பொருளைத் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்தவர் அவர். 1962இல் விற்பனையாளர் ஒருவர் நெசவுத் தறிகளில் பயன்பட்ட ஒருவகைப் பாலிஎதிலீனைக் கொண்டுவந்தார். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுப் பயனற்றது என்றார். அவர் வெளிநாடு சென்றிருந்தபோது, அவருடைய பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் அதைச் சோதனைப் பொறியில் ஏற்றினார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. அவ்வாண்டு நவம்பரில் சார்ன்லி அதனை நோயாளிக்குப் பொருத்தினார். இன்றைய செயற்கை மூட்டுகள் பலவற்றுக்கு மூதாதை அதுவே. பொருத்திய மூட்டுகளில் 100க்கு 58 இருபத்தைந்து ஆண்டுகள் நிலைப்பதாக லான்செட் இதழில் 2019இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இவ்வெண்ணைக் கண்டதும் ஆசிரியை தம் வயதாகிய 67உடன் 25ஐக் கூட்டிப் பார்த்துச் சிரித்தார்.

ஆயினும் ஒன்று அவரை வருத்தியது. ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் சிறுவர்க்குத் தேவாரம் சொல்லிக் கொடுப்பவர் அவர். தரையில் சம்மணமிட்டு, பிள்ளைகளின் கண்மட்டத்தில் அமர்ந்து சொல்லிக் கொடுப்பதே வழக்கம். பின்புறமாகத் திறந்து செய்யும் அறுவைக்குப் பின், தொடக்க வாரங்களில் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கலாகாது. காலைக் குறுக்கே போடலாகாது. பாதத்தை உள்நோக்கித் திருப்பலாகாது. புதிய பந்து கிண்ணத்தைவிட்டு நழுவிவிடக்கூடும். தரையில் அமர்வதைப் பற்றிக் கேட்டபோது, "அதை மறந்துவிடுவது நல்லது" என்றார் மருத்துவர். அறுவையின் அச்சம் அவரை அழவைக்கவில்லை, இச்சொல் அழவைத்தது. மண்டபத்தில் நாற்காலியில் அமர்ந்தால் இறைவனுக்கு முன் உயர்ந்த இருக்கையில் இருப்பதாகுமே என்று மயங்கினார். கோயிலில் பலரும் நாற்காலியில் அமர்ந்திருப்பதை இத்தனை ஆண்டுகள் கண்டும் அவர்களைக் குறைவாக நினைத்ததில்லையே என்று மகள் கேட்டபோது அவரிடம் விடையில்லை.

பின்னர் ஆயத்தங்கள் விரைந்தன. சொத்தைப் பல்லை முன்னதாகவே பிடுங்கிக்கொண்டார். வாயிலுள்ள கிருமி குருதிவழியே புதிய மூட்டைச் சென்றடையலாம். நீரிழிவு அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். குருதியை நெகிழ்த்தும் மாத்திரையை மருத்துவர் குறித்த நாளில் நிறுத்தினார். வீட்டில் கால் தடுக்கும் மிதியடிகள் சுருட்டப்பட்டன; அன்றாடம் வேண்டுவன இடுப்புயர அலமாரிக்கு ஏறின. 2012இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வழியே குளியலறையில் பிடிகம்பிகள் பொருத்தப்பட்டன. கழிவறை இருக்கைக்கு உயரம் கூட்டும் வளையம் வந்தது. செலவின் ஒரு பகுதியை மெடிசேவ் சேமிப்பு ஏற்றது. அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கி முன்பு அவர் தளத்தில் நிற்பதில்லை. மேம்பாட்டுப் பணிக்குப் பின் வாயிலிலேயே நிற்கிறது. இல்லையேல் அறுவைக்குப் பின் நூற்பாவை நாள்தோறும் ஓத வேண்டியிருந்திருக்கும்.

கடைசி ஞாயிறன்று வகுப்புக்கு அவர் தடியுடன் சென்றார், இடக்கையில்தான் பிடித்திருந்தார். மண்டபத்தில் ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. போட்டவர் யார் என்று அவர் கேட்கவில்லை. அமர்ந்ததும் முன்வரிசைச் சிறுவன் ஒருவன், "இப்போதுதான் பாட்டி, பின்னால் இருக்கிற எங்கள் அண்ணனுக்கும் உங்கள் முகம் தெரிகிறது" என்றான். வழக்கமான பதிகத்தையே அன்றும் சொல்லிக் கொடுத்தார்; ஆறு வாரம் கழித்து ஒப்பிக்க வேண்டிய பாடல்களைக் குறித்தும் கொடுத்தார்.