ரோலா டு அல் கூஸ், காலை ஐந்தரை மணி



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டான். போய்ச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. வேலை துபாயில், ஜெபல் அலியில். "ரூம் ஷார்ஜாவிலே பார்த்துட்டேன் சார், வாடகை கம்மி" என்றான். வேலைக்கு எப்படிப் போகிறாய் என்று கேட்டேன். "கார் லிஃப்ட் சார். மாசம் இவ்வளவுன்னு பேசியாச்சு."

அந்த வார்த்தையைக் கேட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

உங்களில் பலருக்கு இது தெரியாது. பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு காத்திருந்த காலத்தில், 2001-ல் நான் அமீரகம் போனேன். துபாய் அல் கூஸ் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் டைம் கீப்பர் வேலை. சம்பளம் 1,400 திர்ஹம். ஒரு திர்ஹம் அப்போது 13 ரூபாய்க்குப் பக்கம். வீட்டில் எல்லோரும் பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். கணக்கு வாத்தியார் ஆகப்போகிறவன் நானும் பெருக்கினேனே தவிர, கழித்துப் பார்க்கவில்லை.

ஷார்ஜா ரோலாவில் பெட் ஸ்பேஸ். ஓர் அறையில் எட்டுப் பேர், எனக்கு மேல் கட்டில். குளியலறைக்கு முறை வைத்திருந்தோம். என் முறை 4.40 முதல் 4.50 வரை. ஒரு நிமிடம் கூடினாலும் அடுத்தவர் கதவைத் தட்டிவிடுவார். ஐந்தரைக்கு வண்டி. துபாயை விட ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று என்னைப் போலவே எல்லோரும் அங்கே தங்கி, காலையில் ஒரே சாலையில் துபாய்க்குப் போய், மாலையில் அதே சாலையில் திரும்புவார்கள். இத்திஹாத் ரோடு என்று பெயர். போக ஒரு மணி நேரம். திரும்பும்போது அல் முல்லா பிளாசா பக்கம் வந்ததும் எல்லாம் நின்றுவிடும், சில நாள் இரண்டு மணி நேரம் கூட ஆகும். தூரம் என்னவோ முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். இன்று புர்ஜ் கலீஃபா நிற்கிற இடத்துப் பக்கம் அப்போது டிஃபென்ஸ் ரவுண்டபவுட் என்றால்தான் தெரியும். மெட்ரோ வந்தது 2009-ல். அதுவும் இன்றுவரை ஷார்ஜாவுக்குள் வரவில்லை.

எங்கள் கார் லிஃப்ட் ஒரு பழைய நிசான் சன்னி. ஓட்டியவர் கடையநல்லூர்க்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, போகிற வழியில் நாலு பேரை ஏற்றிக்கொள்வார். நான், திருச்சூர்க்காரர் இருவர், பெஷாவர்க்காரர் ஒருவர். மாதம் ஆளுக்கு 200 திர்ஹம். நான் முன் சீட். "தூங்குங்க தம்பி, பாலம் வந்ததும் எழுப்புறேன்" என்பார். நான் சாப்பிடாமல் வருவதைப் பார்த்துவிட்டு, வீட்டில் கட்டிக் கொடுத்தது போல ஒரு குபூஸில் முட்டையைச் சுருட்டி எடுத்து வருவார். அதற்குக் காசு வாங்கியதில்லை.

லைசென்ஸ் இல்லாமல் பணம் வாங்கி ஆள் ஏற்றுவது அங்கே சட்டவிரோதம். "யாராச்சும் கேட்டா ஃப்ரெண்ட்ஸுன்னு சொல்லிடுங்க தம்பி" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

மூன்றாம் மாதம், ஜனவரி. நல்ல பனிமூட்டம். ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். எங்களைத் தனித்தனியாக நிற்க வைத்து விசாரித்தார் ஓர் அதிகாரி. "தோஸ்த்" என்றேன். "தோஸ்த் கா நாம்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதம், தினமும் மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அவர் கொடுத்த முட்டையைத் தின்றிருக்கிறேன். ஆனால் 'பாய்' என்பதைத் தவிர அவர் பெயர் தெரியாது. கேட்டதே இல்லை. விசா பயம் வேறு. கால் நடுங்கிவிட்டது. மாதம் 200 கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மற்ற மூவரும் அவர் பெயரைச் சரியாகச் சொல்லியிருந்தார்கள்.

பெரிய அபராதம். அதோடு அவர் ஆள் ஏற்றுவதை விட்டுவிட்டார். நான் ஷேர் டாக்சியில் தேரா போய், அங்கிருந்து பஸ் பிடித்து வேலைக்குப் போனேன். ஒரு வாரம் கழித்து திருச்சூர்க்காரர் என் அறைக்கு வந்து ஒரு கவர் கொடுத்தார். உள்ளே 80 திர்ஹம். அந்த மாதத்தில் நான் பயணம் செய்யாத பன்னிரண்டு நாளுக்குக் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். கவர் மேல் என் பெயரைத் தமிழில், இனிஷியலோடு எழுதியிருந்தார். அவருக்கு என் பெயர் தெரிந்திருக்கிறது.

போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நடந்தால் பத்து நிமிட தூரம்தான். நாளைக்கு, வெள்ளிக்கிழமை என்று தள்ளிக்கொண்டே போனேன். போனபோது அவர் ஊருக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். உண்மையைத்தானே சொன்னாய், இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பீர்கள். அவர் செய்தது சட்டப்படி தவறு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அன்று நான் உண்மை பேச வேண்டும் என்று நினைத்துப் பேசவில்லை.

ஜூன் முதல் வாரத்திலேயே வகுப்பில் எல்லோர் பெயரையும் மனப்பாடம் செய்துவிடுவேன் என்று என்னைக் கிண்டல் செய்வீர்களே! பள்ளி ஆயாம்மாவின் பெயர் என்ன என்று கேட்டு, தெரியாதவர்களை பெஞ்சு மேல் நிற்க வைத்ததும் ஞாபகம் இருக்கும். அதற்குக் காரணம் இதுதான்.

அந்த மாணவனிடம், ஜுபைல் பஸ் நிலையத்திலிருந்து யூனியனுக்குப் பேருந்து இருக்கிறது, அங்கிருந்து ரெட் லைனில் போய்ப் பார் என்றேன். முடிந்தால் அறையையே துபாய்ப் பக்கம் மாற்று, வாடகையில் மிச்சமாவதைப் பயண நேரத்தோடு வைத்துக் கணக்குப் போடு என்றும் சொன்னேன். பார்க்கிறேன் சார் என்றான்.

கடையநல்லூர்ப் பக்கம் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2002 தொடக்கத்தில் ஷார்ஜாவிலிருந்து ஊர் திரும்பியவர் அவர். இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார். பெயரைப் பொதுவில் எழுதவில்லை, தனியே சொல்கிறேன். விசாரிக்க முடிந்தவர்கள் எனக்கு இன்பாக்ஸில் வாருங்கள். பள்ளிவாசலில் கேட்டால் தெரியும் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் நானே நேரில் வருகிறேன்.