எட்டுக் கிலோபைற் ஞாபகம்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்த ஒருவன், ஐம்பதைத் தாண்டிய வயதில், வீட்டுக் கணினியில் பழைய ஆர்கேட் விளையாட்டுகளை இயக்கப் பழகினேன் என்று எழுதினால் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த விளையாட்டிலிருந்து நான் கற்றுக்கொண்ட விடயம் நம்மவர் பலரது வீட்டு இலாச்சிகளுக்கும் பொருந்துவது. ஆதலால்தான் எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் வாழும் தமக்கையின் மகன் மார்கழி விடுமுறைக்குக் கொழும்பு வந்திருந்தான். பழைய ஆர்கேட் இயந்திரங்களின் மின்சுற்றுப் பலகைகளை வாங்கிப் பழுது பார்ப்பது அவனது பொழுதுபோக்கு. இயங்காத 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பலகை ஒன்றை அங்கே விலைக்கு வாங்கி, அதன் சில்லுகளிலிருந்த தரவைப் பிரதியெடுத்து ஒரு பென்டிரைவில் கொண்டு வந்திருந்தான். 1982இல் பாடசாலை விடுமுறைக்குக் கொழும்பு வந்தபோது, கார்னிவல் கூடாரமொன்றில் ஒரு ரூபாய்க் குற்றியைப் போட்டு நான் விளையாடிய விளையாட்டு அது. அந்தக் கதையை எப்போதோ அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்; அவன் மறக்கவில்லை.

"மாமா, உங்கட கணினியிலயே அதை ஓட விடலாம். பத்து நிமிசம் போதும்" என்றான்.

நாங்கள் நிறுவிய மென்பொருளின் பெயர் மேம். 'மல்டிபிள் ஆர்கேட் மெஷின் எமுலேட்டர்' என்பதன் சுருக்கம் அது. எமுலேட்டர் என்றால், ஒரு கணினியை இன்னொரு இயந்திரம் போலப் பாவனை செய்ய வைக்கும் மென்பொருள் என்று கொள்ளலாம். இத்தாலியரான நிக்கொலா சல்மோரியா 1997 பெப்ரவரியில் இதன் முதற்பதிப்பை வெளியிட்டார். பக்-மான் போன்ற ஒரு சில விளையாட்டுகளுக்காகத் தொடங்கிய முயற்சி, உலகெங்குமுள்ள தன்னார்வலர்களின் உழைப்பால் ஆயிரக்கணக்கான இயந்திரங்களைப் பாவனை செய்யுமளவுக்கு வளர்ந்தது. 2015இல் பழைய வீட்டுக் கணினிகளைப் பாவனை செய்யும் மெஸ் என்ற மென்பொருளும் இதனுடன் இணைக்கப்பட்டது. 2016 முதல் இது கட்டற்ற மென்பொருளாக இருக்கின்றது.

நிறுவும் வேலை எளிதானது. மென்பொருளைத் தரவிறக்கி ஒரு கோப்புறையில் விரிக்க வேண்டும். அதனுள்ளே 'றொம்ஸ்' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். விளையாட்டின் சுருக்கப்பட்ட கோப்பைப் பிரிக்காமலும் பெயரை மாற்றாமலும் அதற்குள் வைக்க வேண்டும். பின்னர் மேமைத் திறந்து பட்டியலில் விளையாட்டைத் தெரிவு செய்தால் போதும். விசைப்பலகையில் 5ஐ அழுத்தினால் காசு போட்டதாகக் கணக்கு. 1ஐ அழுத்தினால் ஆட்டம் ஆரம்பம். "காசு போடுங்கோ மாமா" என்று அவன் சொல்ல, நான் 5ஐ அழுத்தினேன். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த வேற்றுக்கிரகப் படை திரையில் வரிசை கட்டி இறங்கியது.

ஐந்து வரிசைகளில் வரிசைக்குப் பதினொன்றாக 55 உருவங்கள். சுட்டு வீழ்த்த வீழ்த்த எஞ்சியவை வேகம் கூட்டி ஓடும். சிறுவனாக இருந்தபோது, அவற்றுக்குக் கோபம் வந்துவிட்டதென்றே நம்பினேன். உண்மைக் காரணத்தை இப்போதுதான் அறிந்தேன். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக இதை உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகாடோ பயன்படுத்திய இன்டெல் 8080 சில்லுக்கு, 55 உருவங்களையும் விரைவாக நகர்த்தும் வலு இருக்கவில்லை. உருவங்கள் குறையக் குறையச் சில்லின் வேலை குறைந்து வேகம் கூடியது. அந்த இயலாமையை அவர் ஆட்டத்தின் சுவையாகவே விட்டுவிட்டார்.

எமுலேட்டரின் அருமை இங்கேதான் விளங்குகிறது. அந்தப் பழைய சில்லைவிடப் பல மடங்கு விரைவான என் கணினி, தன் வேகத்தைக் காட்டாது, அந்தச் சில்லின் தளர்ச்சியை அப்படியே நடித்துக் காட்டுகிறது. 1980இல் வந்த பக்-மானிலும் இவ்வாறே. அவ்விளையாட்டின் 256ஆவது கட்டத்தில் எட்டு பிட் எண்ணிக்கை நிரம்பி வழிந்து, திரையின் வலப்பாதி குப்பையாகச் சிதறிவிடும். மேம் அந்தக் குறையையும் திருத்துவதில்லை. மூலத்தை மேம்படுத்த முனையாத நல்ல பதிப்பாசிரியனின் ஒழுக்கம் இது. ஆவணப்படுத்தலே தமது நோக்கம், விளையாட முடிவது உபரிப் பலன் என்பதே இதன் ஆக்குநர்களின் நிலைப்பாடு.

அவர்கள் அவசரப்பட்டதற்குக் காரணமுண்டு. சில்லுகள் நிரந்தரமானவையல்ல. பழைய நினைவகச் சில்லுகள் பலவற்றில் தரவு மின்னேற்றமாகவே தங்கியிருக்கிறது. காலப்போக்கில் அது கசிந்து போகும். 1993இல் கப்கொம் நிறுவனம் அறிமுகப்படுத்திய சிபிஎஸ்-2 பலகைகளின் நிலை இன்னும் மோசம். கள்ளப் பிரதிகளைத் தடுப்பதற்காக விளையாட்டை மறைகுறியாக்கி, அதன் திறவுகோலை மின்கலத்தால் உயிர்வாழும் நினைவகத்தில் வைத்தார்கள். மின்கலம் தீர்ந்தால் விளையாட்டும் தீர்ந்தது. 'தற்கொலை மின்கலம்' என்றே சேகரிப்பாளர்கள் இதற்குப் பெயரிட்டார்கள். அந்தப் பூட்டைத் தன்னார்வலர்கள் உடைத்திராவிட்டால் பல பலகைகள் வெறும் தகடுகளாகியிருக்கும்.

எழுத்தை விற்று வாழ்பவன் என்ற முறையில் உரிமைப் பிரச்சினையையும் சொல்லிவிட வேண்டும். எமுலேட்டரைப் பெறுவதில் தடையில்லை. விளையாட்டுகளின் தரவுக்கோ பதிப்புரிமை உண்டு. உரிமையாளர்கள் மனமுவந்து அனுமதித்த 'கிரிட்லீ', 'றொபி றொட்டோ' போன்ற சில விளையாட்டுகளை, வர்த்தக நோக்கமற்ற பாவனைக்காக மேமின் இணையத்தளமே வழங்குகிறது. புதிதாக முயல்வோர் அவற்றிலிருந்து தொடங்கலாம்.

'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டின் நிரல் முழுவதும் நான்கு சில்லுகளில் அடங்கியிருந்தது. மொத்தம் எட்டுக் கிலோபைற். நீங்கள் வாசிக்கும் இக்கட்டுரை அதைவிடப் பெரிய கோப்பு. அதைக் கேட்டதும் என் இலாச்சியிலிருந்த மூன்றரை அங்குல ஃப்ளொப்பிகள் ஞாபகத்துக்கு வந்தன.

பதினொரு ஃப்ளொப்பிகள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து, பேஜ்மேக்கரில் பக்கமாக்கிய எனது கட்டுரைகள் அவற்றில் இருந்தன. அவற்றுள் ஒன்று, வடபுலத்திலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பில் தங்கியிருந்த நாட்டுக்கூத்து அண்ணாவியார் ஒருவரை 1998இல் கண்டு எழுதிய நேர்காணல். இரண்டு பகுதிகளாக வந்தது. அச்சுப் பிரதி என்னிடமில்லை. அண்ணாவியாரும் இன்றில்லை. தாம் கற்ற கூத்துகளின் ஆட்டத் தருக்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டவை அதிலிருந்தன.

மருமகன் வெளியிலிருந்து இணைக்கும் ஃப்ளொப்பி டிரைவ் ஒன்றைத் தேடி வாங்கி வந்தான். பதினொன்றில் நான்கு மட்டுமே வாசிக்கத் தந்தன. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கூட்டம். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் எழுத்துரு. அது இல்லாத கணினியில் தமிழ் தமிழாகத் தெரியாது. பக்கங்களைத் திறக்கப் பேஜ்மேக்கர் வேண்டும். அதற்குப் பழைய விண்டோஸ் வேண்டும். மேமின் அதே தத்துவத்தில் இயங்கும் இன்னொரு மென்பொருளைக் கொண்டு, என் கணினிக்குள்ளேயே ஒரு விண்டோஸ் 95 கணினியை அவன் எழுப்பினான். பாமினியை நிறுவியதும் அண்ணாவியார் தமிழில் பேசத் தொடங்கினார்.

முதற்பகுதி முழுமையாகக் கிடைத்தது. இரண்டாம் பகுதி இருந்த ஃப்ளொப்பி வாசிக்கப்படவேயில்லை. தருக்களில் பாதி அதனுள்ளே இருக்கின்றன. அதை எறியாமல் வைத்திருக்கிறேன்.

இழப்பென்றால் நமக்கு உடனே நெருப்புத்தான் ஞாபகம் வரும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. அந்த இழப்பை உலகம் அறியும். இலாச்சிக்குள் காந்தப் பூச்சு உதிர்ந்து போகும் எழுத்துக்காக யாரும் அழுவதில்லை. தாளில் உள்ளதை வாசிக்கக் கண் போதும். கணினியில் எழுதியதற்கு அதைப் படிக்கும் இயந்திரமும் உயிரோடிருக்க வேண்டும். தொண்ணூறுகளில் எழுதப்பட்ட ஈழத்துத் தமிழில் பெரும்பகுதி அத்தகையதே.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் நமது நூல்களையும் பத்திரிகைகளையும் வருடி இணையத்தில் சேர்த்து வருகிறது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிசிலோ மட்டக்களப்பிலோ உங்கள் வீட்டில் பழைய ஃப்ளொப்பிகளும் இறுவட்டுகளும் இருக்குமாயின், இந்த வாரமே பிரதியெடுத்து, யூனிகோட்டுக்கு மாற்றி வையுங்கள். எழுத்துருக் கோப்பையும் கூடவே சேமியுங்கள். அந்த நேர்காணலின் இரண்டாம் பகுதி அச்சான பத்திரிகைப் பக்கம் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து எனக்கு அறியத் தாருங்கள்.