புரியாத எழுத்தை அழிக்காதீர்கள்

பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு வந்து ஒஸ்லோவில் கோப்பை கழுவுகிறோம் நாங்கள். ஆனாலும், பழுதான கொம்பியூட்டர்கள் எங்களிடம்தான் வருகின்றன. தூசி துடைப்போம், வயர்களைக் கழற்றிப் பூட்டுவோம். பாதி வருத்தம் அதிலேயே தீர்ந்துவிடும்.

2025 ஒக்ரோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிந்தது. பழைய பெட்டிகளை எறியப் பலர் ஆயத்தமானார்கள்.

"உள்ளுக்கை ஒண்டுமில்லைத் தம்பி. வைரஸ் பிடிச்சு எல்லாம் இங்கிலீசு எழுத்தாப் போச்சு" என்றார் ஒரு அண்ணர்.

அது வைரஸ் அல்ல, பாமினி. அந்த எழுத்துருவில் தட்டிய தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது. எழுத்துரு இல்லாத பெட்டியில் அலங்கோலமாகத் தெரியும். பாமினியை நிறுவினோம், தமிழ் வந்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நடந்த கதையை அவருடைய அம்மா சொல்ல, அவர் தட்டி வைத்திருந்தார். அம்மா இப்போது இல்லை.

இத்தகைய கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். மூலத்தையும் வைத்திருங்கள். இரண்டு பிரதி எடுங்கள்: ஒன்று வெளி டிஸ்கில், மற்றது வேறொருவர் வீட்டில். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பிரதியும் ஒரே தீயில் போகும்.

1981 இல் யாழ் நூலகத்தில் எரிந்தவற்றுள் மறுபிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. அதை எரிக்க ஒரு கூட்டம் வரவேண்டியிருந்தது. இதை அழிக்க எங்கள் விரல் ஒன்றே போதும்.