ஆணியும் காகிதமும்

கடல்நீரில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் ஒரே கப்பலில் அடித்த ஆணிகளுள் சில உளுத்து உதிர, சில மட்டும் கெடாமல் நிற்பது எதனால்? இவ்வினாவை எழுப்பிய பாய்க்கப்பல் ஒன்றின் வரலாற்றைப் படித்த நாள்முதல், துருவைக் காணுந்தோறும் அக்கப்பலே என் நினைவிற்கு வருகிறது.

அதன் பெயர் 'அலாரம்'. பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த, 32 பீரங்கிகள் தாங்கிய மரக்கப்பல். அக்காலக் கப்பல்களுக்குப் பகைவரின் குண்டினும் கொடியதாக ஒரு கடற்புழு இருந்தது. வெப்பக் கடல்களில் அது மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். அதைத் தடுக்க, 1761 இல் அலாரத்தின் அடிப்பகுதியில் மெல்லிய செப்புத் தகடு போர்த்தி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினர்.

1763 இல் கப்பலை ஆராய்ந்தனர். தகடு இருந்த இடத்தில் புழு தீண்டவில்லை. ஆனால் செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் பெரிதும் அரிக்கப்பட்டிருந்தன. மரத்தைக் காத்த செம்பே மரத்தைப் பிணைத்த இரும்பைத் தின்றுவிட்டது! நடுக்கடலில் ஆணி அற்றுப் பலகை பிரிந்தால் மாலுமிகளின் கதி என்ன?

ஆராய்ந்தோர் அழிந்த ஆணிகளோடு நில்லாமல் அழியாத ஆணிகளையும் உற்று நோக்கினர். செப்புத் தகடுகள் பழுப்புக் காகிதத்தில் பொதிந்து வந்தவை. சில இடங்களில் அக்காகிதத்தை நீக்காமலே தகட்டை அடித்துவிட்டிருந்தனர். காகிதம் இடையே கிடந்த இடங்களில் இரும்பு நன்றாக இருந்தது. நோய் தெரிந்துவிட்டது: கடல்நீரில் செம்பும் இரும்பும் தொடலாகாது. வோல்ட்டா தம் மின்கலத்தை அறிவித்ததோ 1800 இல். உலோகங்களுக்கிடையே மின்சாரம் ஓடுவதை அறியாமலே இவர்கள் நோயைக் கண்டறிந்தனர் என்பதே எனக்குப் பெரு வியப்பு.

நானும் மூன்று ஆணிகளை மூன்று கிண்ண உப்புநீரில் இட்டுப் பார்த்தேன். ஒன்றைத் தனியே இட்டேன். மற்றொன்றில் செப்புக் கம்பியை இறுகச் சுற்றினேன். இன்னொன்றில் காகிதம் சுற்றி அதன்மேல் கம்பி சுற்றினேன். சில நாட்களில் கம்பி தொட்ட ஆணியின் கிண்ணத்திலேதான் செம்மண் போன்ற படிவு மிகுந்தது. அக்கிண்ணங்களை மீண்டும் சமையலறைக்குள் விடுவதில்லை என்று வீட்டார் தீர்ப்பளித்துவிட்டனர்.

காகிதம் நெடுநாள் காக்கவில்லை. 1780களில் இரும்பாணிகளுக்கு மாற்றாகச் செப்புக் கலவை ஆணிகள் வந்தன. 1824 இல் ஹம்ப்ரி டேவி, இரும்பையோ துத்தநாகத்தையோ இணைத்தால் அது தான் கரைந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். 'சாமராங்' என்னும் கப்பலில் சோதித்தபோது செம்பு கரையவில்லை. ஆனால் கரையாத செம்பில் நஞ்சும் இல்லாமையால், பாசியும் ஓடுடைய சிற்றுயிர்களும் அதில் குடியேறின!

இன்றைய பாய்ப்படகுகளிலும் நீருக்கடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகின்றனர். படகைக் கரையேற்றியதும் அறிந்தோர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். கட்டி பாதி கரைந்திருந்தால் மகிழ்வர். புதிதுபோல் பளபளத்தால் அதன் இணைப்பு அற்றதோ என ஐயுறுவர். உடனே பித்தளைப் பாகங்களைச் சுரண்டி, மஞ்சள் நிறம் மாறி இளஞ்சிவப்பு தெரிகிறதா என்று தேடுவர்.