பென்சான்ஸின் நீலக் கம்பங்கள்

லண்டன் பாடிங்டனில் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடி ரயில் நிற்கும் கடைசி ஊர் பென்சான்ஸ். அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது. பிளாட்பாரத்தை விட்டு வெளியே வந்தால் கடல், கடலுக்குள் கோட்டையைச் சுமந்தபடி செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட். கார்ன்வாலின் அந்தக் கோடியில் நாங்கள் குடியிருந்த நாளில், ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் கோடையின் தொடக்கத்தில் தவறாமல் கேட்பார்கள்: கூரையைத் தொடுகிற மாதிரி நீலமாய் நிற்கிறதே, அது என்ன மரம்?

மரமில்லை, செடிதான். ஊரில் எக்கியம் என்பார்கள். முழுப்பெயர் எக்கியம் பினினானா. பிறப்பிடம், ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே கனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மா. அங்கே மேகம் படியும் லாரல் காடுகளில் இன்று அருகிப் போய்விட்டது. பிழைக்க வந்த ஊரிலோ சுவரிடுக்கு, சரளைப் பாதை, குப்பைத்தொட்டி ஓரம் என்று பார்க்காமல் தானாய் முளைக்கிறது. நாலு மீட்டர் உயரம் அதற்குச் சாதாரணம். தண்டைச் சுற்றி அடியிலிருந்து நுனிவரை சின்னச் சின்ன நீலப் பூக்கள். வெயில் ஏறினால் கம்பம் முழுக்கத் தேனீயும் குண்டு வண்டுத்தேனீயும் மொய்க்கும். பக்கத்தில் நின்றால் சத்தமே ஒரு மோட்டார் அளவுக்குக் கேட்கும்.

வரைபடத்தில் பார்த்தால் பென்சான்ஸும் கனடாவின் வின்னிபெக்கும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. அங்கே குளிர்காலத்தில் மைனஸ் இருபதெல்லாம் சகஜம். இங்கே அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் கரையை அணைத்துக்கொண்டு போவதால் உறைபனி எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். மொராப் பூங்காவில் பனை வகைகள் நிற்கும். துறைமுகத்திலிருந்து சிலோனியன் கப்பலேறினால் சில்லித் தீவுகள். 1834-இல் அந்தத் தீவுகளைக் குத்தகைக்கு எடுத்த அகஸ்டஸ் ஸ்மித், ட்ரெஸ்கோ தீவில் பழைய மடாலய இடிபாடுகளைச் சுற்றி ஒரு தோட்டம் போட்டார். எக்கியம் அங்கே களை மாதிரி மண்டிக் கிடக்கும். அந்தத் தோட்டத்தையே 1987 ஜனவரியில் பனி சூறையாடிவிட்டது. மூன்று வருஷம் கழித்து, 1990 ஜனவரியில், காப்புக்கு நின்ற மரவேலியைப் புயல் சாய்த்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த இரண்டு ஜனவரிகளையும் சொந்தக்காரர் சாவைச் சொல்வதுபோலச் சொல்வார்.

அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். எக்கியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடமிருந்து வந்தது. "தொடாதப்பா, மை ஆன்சம்" என்பார் முதலில். (அந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) இலையெல்லாம் சுணை. கையில் பட்டால் சாயங்காலம்வரை அரிக்கும். முதல் வருஷம் தரையோடு ஒட்டிய இலைக்கொத்து. அடுத்த வருஷம் மார்பளவுக்குத் தண்டு, அதில் நீள நீளமாய்ச் சொரசொரப்பான இலைகள். புத்தகத்தில் ஈராண்டுச் செடி என்று போட்டிருந்தாலும் பாதிக்குப் பாதி மூன்றாம் வருஷம்தான் பூக்கும். பூத்ததும் விதையைக் கொட்டிவிட்டுச் செத்துவிடும். "நம்ம வாழை குலை தள்ளுற கதைதாங்க" என்றாள் என் மனைவி. ஆனால் வாழை பக்கத்தில் கன்று விட்டுவிட்டுத்தான் சாயும். இதற்கு அந்த வசதி இல்லை, விதை மட்டும்தான்.

சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுப்பதெல்லாம் அந்தக் கடைசி இரண்டு மாதத்தை. எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்தைய குளிர்காலம். குட்டிச் செடி என்றால் பழைய போர்வை போட்டு மூடிவிடலாம். மார்பளவுக்கு வளர்ந்ததை எப்படி மூடுவது? டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் ரேடியோவின் வானிலை அறிக்கைக்குத் தனி மரியாதை. மைனஸ் ஐந்துக்குக் கீழே போனால் பெரும்பாலும் முடிந்தது. கம்பு நட்டு, சாக்கைச் சுற்றி, அதற்குமேல் வெள்ளைத் துணி போர்த்தி நிறுத்துவார்கள். இருட்டில் வேலை முடிந்து வருகிறபோது வீட்டுக்கு வீடு முக்காடிட்ட ஆட்கள் நிற்பதுபோல முதலில் பயமாக இருந்தது. தென்மேற்குக் காற்றடித்தால் பாதி முக்காடு அடுத்த தெருவில் கிடக்கும்.

2010 டிசம்பர் அந்தச் சாக்குக்கெல்லாம் மசியவில்லை. பிரிட்டன் முழுவதுக்கும் நூறு வருஷத்தில் காணாத குளிர். எங்கள் தெருவில் பனி கொட்டி, கொட்டியது உறைந்து கிடந்தது. இலைகள் கறுத்துக் குழைந்து தொங்கின. இலையுதிர்காலத்தில் முளைத்திருந்த நாற்றுகளும் போயின. ஜனவரியில் பெரியவர் தடித்த கையுறை மாட்டிக்கொண்டு அழுகிய தண்டுகளை ரம்பத்தால் அறுத்துக் குவித்தார். நாற்றம் தாங்கவில்லை.

ஏப்ரலில் அதே மண்ணில் காலை வைக்க இடமில்லாமல் நாற்று. முளைக்காமல் பதுங்கிக் கிடந்த விதைகள் எல்லாம் ஒரே மூச்சில் எழுந்திருந்தன. ஊரே சந்தோஷப்பட்டது. பெரியவர் மட்டும் தலையை ஆட்டினார். காரணம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. முன்பு தெருவில் எல்லா வயதுச் செடியும் கலந்திருந்ததால் வருஷா வருஷம் எங்காவது ஒரு கம்பம் பூக்கும். பனி வந்து எல்லாவற்றையும் ஒரே வயதாக்கிவிட்டது. 2011-இல் பூவே இல்லை. 2012-இல் அவசரக்காரச் செடி ஒன்றிரண்டு. 2013-இல் தெருவே நீலம். ஒரு வீட்டில் தண்டு தட்டையாகி, விசிறி விரித்தாற்போல நுனி அகன்று பூத்ததைப் பார்க்க வரிசையே நின்றது. அதோடு எல்லாம் சேர்ந்து செத்தன. அடுத்து எப்போது என்றால், அந்த வருஷத்து விதை முளைத்து வளர்ந்த பிறகு.

பெரியவர் புகையிலை டப்பாவில் பழைய விதை கொஞ்சம் வைத்திருந்தார். ஊரே நாற்றுக்கு இடமில்லாமல் பிடுங்கி எறிந்த 2011-இல் அதைத் தொடவில்லை. 2012 வசந்தத்தில், வேண்டுமென்றே ஒரு வருஷம் பிந்திப் போட்டார். 2014-இல் தெருவில் பூத்தது அவர் சுவரோரம் மட்டும்தான். கேமராக்காரர்கள் அவர் கேட்டை மறித்து நின்றபோது அலுத்துக்கொண்டார், தலைமுடியையும் வாரிக்கொண்டார்.

அவர் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. உபரி நாற்றைத் தயிர் டப்பாவில் வைத்திருப்பார். வேண்டுகிறவர்கள் பக்கத்துத் தகரத்தில் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம், ஆள் நிற்க மாட்டார். அந்தக் கோடைக்குப் பிறகு நாற்றோடு விதைப் பொட்டலமும் வைக்க ஆரம்பித்தார். பொட்டலத்தின்மேல் பென்சிலில் எழுதியிருந்தது: பாதியை இப்போது போடவும், மீதியை அடுத்த வருஷம்.