எங்க ஊர்ல கோடை இல்ல, லீவுதான்

இந்தியப் படங்கள்ல "கோடை விடுமுறை" என்று யாராவது சொன்னா எங்களுக்குச் சிரிப்பு வரும். இரத்தினபுரியில ஏது கோடை? வருசம் முழுக்க எப்ப வேணும்னாலும் மழை பெய்யிற ஊர் இது. ஏப்ரல்ல வெயில் சுடும், உண்மைதான். ஆனா மத்தியானம் ரெண்டு மணி தாண்டினா மலைக்கு அந்தப் பக்கம் இடி உருளத் தொடங்கிடும். மூணு மணிக்கு, கொடியில காய்ஞ்ச உடுப்பெல்லாம் திரும்ப நனைஞ்சிருக்கும். அதனால எங்களுக்குக் கோடை கிடையாது. சித்திரை வருசப் பிறப்போட வர்ற ஸ்கூல் லீவுதான் உண்டு. இது 2025 ஏப்ரல் லீவோட கதை.

"நாங்கள்" என்றால் அஞ்சு பேர். மூத்தவளுக்கு 21, கடைசிக்கு 9. அக்கா, தங்கச்சி, மாமா பிள்ளைகள் ரெண்டு பேர், சித்தி மகன். குருவிட்டப் பக்கம் ஒரு தோட்டம், ஒரே லயம், அடுத்தடுத்து மூணு காம்பிரா. ஒரு வீட்டுல மீன் பொரிச்சா மூணு வீட்டுக்கும் பசிக்கும். மலையகம்னா நுவரெலியா மட்டும்தான்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: சப்ரகமுவவிலயும் நாங்க இருக்கோம். இரத்தினபுரி, கேகாலை ரெண்டு மாவட்டத்திலயும் இருக்கோம். இங்க தேயிலையோட இறப்பரும் உண்டு. தோட்டத்தைச் சுத்தி சிங்களக் கிராமங்கள். அதனால எங்க கிரிக்கெட்ல ஸ்கோர் தமிழ்ல ஓடும், சண்டை சிங்களத்துல நடக்கும்.

கிரிக்கெட் பந்து நாங்களே செய்றது. இறப்பர் மரத்துல பால் வெட்டின கோட்டோட காய்ஞ்சு ஒட்டியிருக்கிற நூல் மாதிரியான பாலுக்கு ஒட்டுப்பால்னு பேரு. மண்ணுல விழுந்து கிடக்கிற துண்டுகளைப் பொறுக்கி, இழுத்து இழுத்துச் சுத்தினா பந்து. ஒரு சின்னப் பிரச்சினை என்னன்னா, அது எந்தப் பக்கம் துள்ளும்னு அதுக்கே தெரியாது. யட்டியாந்தோட்டையிலிருந்து வந்த சித்தி மகன் முதல் பந்துலயே அவுட். உடனே அவன், "எங்க ஊருக்குப் பக்கத்துல கித்துல்கலையில ஹாலிவுட் படமே எடுத்திருக்காங்க" என்று பேச்சை மாத்தினான். அது என்னவோ நிசம்தான். 1957இல் வந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துப் பாலத்தை அங்கதான் களனி ஆத்துக்கு மேல கட்டினாங்க. "அதுக்கும் நீ அவுட் ஆனதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

அடுத்த சாகசம் மாணிக்கம். மாமா மாணிக்கக் குழியில வேலை. அவருக்குச் சம்பளம்னு ஒண்ணு கிடையாது. கல் அகப்பட்டா பங்கு. நிலத்துக்கு அடியில கல் இருக்கிற சரளை மண்ணுக்கு 'இல்லம்'னு பேரு. "மாமாவுக்கு ரெண்டு இல்லம், ஒண்ணுல கல் இல்ல, இன்னொண்ணுல காசு இல்ல" என்று அத்தை சொல்லுவாங்க. குழியைப் பாக்கணும்னு அக்காவுக்கு ஆசை. பொம்பளைங்க குழிக்குக் கிட்ட வரக்கூடாதுங்கிறது பழைய வழக்கம். அக்கா விடல. "அப்ப குழியை இங்க கொண்டு வாங்க மாமா."

மாமா கொண்டு வந்தார். பீலிக்குப் பக்கத்துல ஆத்து மணலைக் கொட்டி, பழைய பிரம்புக் கூடையில அள்ளி, தண்ணியில வைச்சுச் சுழட்டிக் காட்டினார். மணிக்கட்டுலதான் வித்தை. லேசான மண் ஓரத்தால வழிஞ்சு போகும், பாரமான கல் அடியில தங்கும். ரெண்டு மணித்தியாலம் நாங்க சுழட்டினதுல அகப்பட்டது: ரெண்டு பொத்தான், ஒரு ரெண்டு ரூபாய்க் குத்தி, நீலமா ஒரு கல். மாமா அதை வெயிலுக்குப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடி, பெரிய வியாபாரி மாதிரி ரொம்ப நேரம் பாத்தார். நாங்க மூச்சு விடல. "நீலம்தான்" என்றார். "நீலப் போத்தல் ஓடு."

இதெல்லாம் காசு செலவில்லாத சாகசம். காசு செலவாகிற சாகசத்துக்கு அம்மாகிட்டதான் பேசணும். அம்மா பால் வெட்டுறவங்க. விடியுறதுக்கு முன்ன எழும்பி மலைக்குப் போவாங்க. ராத்திரி மழை பெஞ்சு மரம் நனைஞ்சிருந்தா வெட்ட ஏலாது. சில நாள் வேற வேலை குடுப்பாங்க, சில நாள் இல்ல. வேலை இல்லாட்டிப் 'பேர்' இல்ல. எங்க தோட்டங்கள்ல ஒரு நாள் சம்பளத்தைப் பேர்னுதான் சொல்லுவோம். செக்ரோல்ல பேர் விழுந்தாத்தான் அந்த நாள் கணக்குல வரும். சின்ன வயசுல எங்களுக்கு மழைன்னா சந்தோசம். அம்மா வீட்டுல இருப்பாங்க, ரொட்டி சுடுவாங்க, கதை சொல்லுவாங்க. அந்த ரொட்டிக்கு விலை ஒரு பேர்னு தெரிய எங்களுக்குக் கொஞ்ச வருசம் ஆச்சு.

அதனால, "இந்த வருசம் எல்லாரும் சிவனொளிபாத மலைக்குப் போவோமா?" என்று தங்கச்சி கேட்டப்ப வீடு அமைதியாகிடுச்சு. அந்த மலை எங்க லயத்து இஸ்தோப்புல நின்னாலே தெரியும், மேகம் விலகினா. 2,243 மீற்றர். தினமும் அதைப் பாத்துக்கிட்டேதான் அம்மா பல்லு விளக்குவாங்க. ஆனா ஒரு தரமும் ஏறினதில்ல. மலைக்குப் போற காலம் மார்கழிப் போயாவுல தொடங்கி வெசாக்கோட முடியும். அந்த அஞ்சு மாசத்துல அம்மாவுக்கு ஒரு நாள் கூடத் தோதா அமையல.

அம்மா விரல் விட்டுக் கணக்குப் போட்டாங்க. வருசப் பிறப்பு திங்கள், 14ஆம் திகதி. புதன் வேலை முடிஞ்சு கிளம்பினா ராத்திரி ஏறலாம். வியாழன் இறங்க முடியும். அப்ப வியாழன் அம்மா, சித்தி, அத்தை மூணு பேருக்கும் மூணு பேர் போகும். தேயிலைத் தொழிலாளிக்கு ஒரு பேர் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான்; 2024 செப்டெம்பர்ல அடிப்படைச் சம்பளம் 1,350 ஆச்சு. கொழுந்து எடுக்கிற சித்தியோட ஒரு பேரை மட்டும் பாத்தாலே அஞ்சு பேருக்குக் கொப்பி வாங்கிடலாம். அம்மா கொஞ்ச நேரம் மலையைப் பாத்தாங்க. "போகட்டும். ஒரு பேர்தானே" என்றாங்க. அம்மாயி மூலையிலிருந்து, "நானும் வாறேன்" என்றாங்க. அம்மாயிக்கு 68.

குருவிட்டப் பக்கத்துல எரத்ன வழி இருக்கு. காட்டு வழி, அம்மாயிக்குச் சரி வராதுன்னு மாமா முடிவு பண்ணி, இரத்தினபுரிக்குப் போய் கிலிமலை ஊடா பலாபத்தலைக்கு பஸ் பிடிச்சோம். அதுவும் லேசுப்பட்ட வழி இல்ல. அட்டன் பக்கம் நல்லதண்ணியிலிருந்து ஏறுறவங்களை விட நாங்க நடக்கிறது அதிகம். பையில ரொட்டி, சம்பல், பக்கத்துக் கிராமத்து வீட்டுக்காரங்க வருசத்துக்குக் குடுத்த கொக்கிசு, பலகாரம், சித்தாலேப, அப்புறம் அட்டைக்கு உப்பும் சவுக்காரமும் தேசிக்காயும்.

அட்டையைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 1344இல் இப்னு பதூதா இந்த மலைக்கு வந்தப்ப, மரத்துலயும் புல்லுலயும் இருந்து மனுசன் மேல தாவுற அட்டையைப் பத்தி எழுதி வைச்சிருக்கார். அதுக்குன்னே சனங்க தேசிக்காய் வைச்சிருந்து அது மேல பிழிவாங்களாம். இதை அக்கா சொன்னதும் அம்மாயி, "அந்த மனுசனுக்கும் யாரோ அம்மாயிதான் சொல்லிக் குடுத்திருக்கும்" என்றாங்க.

ஏற ஏற எங்க நிலைமை தெரிஞ்சு போச்சு. டவுன்ல ஜிம்முக்குப் போற மாமா மகன் முதல் மூணு மணித்தியாலத்துலயே படியில படுத்துட்டான். யட்டியாந்தோட்டை ஹாலிவுட் கால் பிடிச்சு உக்காந்துட்டான். அம்மாயி மட்டும் ஒரே வேகம். வேகமும் இல்ல, மெதுவும் இல்ல. முதுகுல கூடை இருக்கிற மாதிரி கொஞ்சம் முன்னால சாஞ்சு, பக்கவாட்டா கால் வைச்சு. நாப்பது வருசம் சரிவுல கொழுந்து எடுத்த கால். "நீங்க நில்லுங்க, அம்மாயி!" என்று நாங்க கத்தினதுக்கு, "நின்னா கொழுந்து முத்திப் போயிரும்டா" என்று மேல இருந்து பதில் வந்துச்சு. இறங்கி வந்த சிங்களப் பெரியவங்க அம்மாயியைப் பாத்துக் கும்பிட்டாங்க. எங்களைப் பாத்துச் சிரிச்சாங்க.

விடியும்போது உச்சியில இருந்தோம். குளிர்ல பல்லு தந்தியடிச்சுது. அங்க ஒரு மணி இருக்கு. எத்தனையாவது தரம் ஏறினியோ அத்தனை தரம் அடிக்கணும். அம்மாயி சின்னப் பிள்ளையில தன் அப்பாவோட ஒரு தரம் வந்திருக்காங்க. ரெண்டு அடிச்சாங்க. அம்மா ஒண்ணு அடிச்சாங்க. அந்த ஒரு சத்தம் அடங்குற வரைக்கும் கயித்தை விடல.

சூரியன் எழும்பினதும் எல்லாரும் கிழக்கே பாத்தப்ப, மாமா எங்களை மேற்குப் பக்கம் திருப்பினார். மலையோட நிழல் பெரிய முக்கோணமா, எங்க ஊர்ப் பக்கம் நீளமா விழுந்து கிடந்துச்சு. அம்மா கையை நீட்டி, "நம்ம லயம் அதுக்குள்ளதான்" என்றாங்க. இத்தனை வருசம் கீழ இருந்து பாத்த இடத்திலிருந்து, அம்மா முதல் தரமா வீட்டைத் தேடினாங்க. தெரியல. ஆனாலும் தேடினாங்க.

இறங்கி வந்து ரெண்டு நாள் யாருக்கும் கால் மடங்கல. அம்மாவும் சித்தியும் அத்தையும் வெள்ளிக்கிழமை விடிய நொண்டிக்கிட்டே வேலைக்குப் போனாங்க. நாங்க படுத்துக்கிட்டே சிரிச்சோம், அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. லீவு எங்களுக்கு வர்றது நாட்காட்டியில இருந்து. அம்மாவுக்கு அதை ஒவ்வொரு நாளா விலை குடுத்து வாங்கணும்.

மே மாசச் சம்பளத்துலிருந்து அம்மா ஒரு டப்பாவுல கொஞ்சம் கொஞ்சமா காசு போடுறாங்க. என்னத்துக்குன்னு கேட்டா, "மணியை ரெண்டு தரம் அடிக்கணும்ல" என்கிறாங்க. அந்த டப்பாவுல இப்ப நாங்களும் போடுறோம். நீலப் போத்தல் ஓடும் அதுக்குள்ளதான் இருக்கு. மாமா இன்னும் விலை சொல்லல.